உன் ஓட்டுக்கு நீ சொல்லவேண்டிய பெயர்

அன்பும் மதிப்பும் மிக்க என் மூத்த மகள் எஸ்லினுக்கு, தொங்கோவாத் தீவிலிருந்து உன் தாய் லெய்சாவி மரியாதையுடன் வரைந்துகொள்ளும் மடல். நானும் உன் தந்தையும் உன் தங்கை நெல்லியும் கடவுளின் கருணையால் நலமாக இருக்கிறோம்; நீயும் அந்த ஆஸ்திரேலியத் தக்காளித் தோட்டத்தின் விடியற்காலைக் குளிரில் சளி பிடிக்காமல் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் போன கப்பலிலேயே வந்து சேர்ந்துவிட்டது. இத்தனை தாமதமாகப் பதில் எழுதுவதற்கு முதற்கண் என் மன்னிப்பை ஏற்றுக்கொள்ளவேண்டும். கிழங்கு தோண்டும் வேலை இருந்தது என்பது உண்மைதான். ஆனால் முழு உண்மை என்னவென்றால், படித்த அன்றே எழுத உட்கார்ந்திருந்தால் அது கோபத்தின் கடிதமாக இருந்திருக்கும். கோபம் ஆறட்டும் என்று வைத்திருந்தேன். பெருமளவு ஆறிவிட்டது.

வீட்டுச் செய்திகளை முதலில் அறியத் தருகிறேன். உன் தந்தையின் கடைவாய்ப் பல் கடைசியில் தானாகவே விழுந்துவிட்டது, அதை ஏதோ தானே பிடுங்கியதுபோல் கவா வேர்ச்சாறு குடிக்கும் கூடத்தில் சொல்லித் திரிகிறார். பன்றி வேலியை உடைத்துக்கொண்டு பாதிரியாரின் கீரைப் பாத்திக்குள் போய்விட்டது, மன்னிப்புக் கேட்டு ஒரு கூடைச் சேம்பு கொடுத்தனுப்பினோம். நெல்லிக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. முகம் தெளிவாக இருக்கிறது, கால் மட்டும் மாலையில் வீங்குகிறது. என் கவலை அவள் காலைப் பற்றியது அன்று. நம் மருந்தகத்தில் இருந்த நர்ஸ் தலைநகர் விலாவுக்கு மாற்றலாகிப் போனபின் இன்னொருவர் வரவில்லை, கதவு பூட்டியே கிடக்கிறது. நெல்லியின் நாத்தனார் எஸ்தர், வலி எடுத்ததும் பக்கத்துத் தீவுக்குப் படகில் கொண்டுபோகும் வழியில், நடுக்கடலில் பிள்ளை பெற்றாள் என்பதை உனக்கு முன்பே எழுதியிருந்தேன். பிள்ளை நன்றாக இருக்கிறான், ஊரே அவனைப் ‘படகு’ என்று கூப்பிட்டுச் சிரிக்கிறது, நானும் சிரிக்கிறேன். ஆனால் நெல்லி சிரிப்பதில்லை. அந்த மருந்தகக் கதவை யார் திறக்கவைப்பார் என்பதுதான் இந்தத் தேர்தலில் எனக்கிருக்கும் ஒரே கேள்வி.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். உன் சார்பில் இங்கே நான் ஓட்டுப் போடலாம் என்று முறைப்படி கையெழுத்திட்டு நீ அனுப்பிய ஒப்புதல் தாள் பத்திரமாகக் கிடைத்தது. அதனுடன் நீ எழுதியிருந்த வரிகளும் கிடைத்தன. “எல்லாரும் ஒரே குட்டைதான்மா, ஒருத்தரும் சரியில்ல, யாருக்காவது நீயே போட்டுடு, எனக்கு எதுவும் வேணாம்” என்று எழுதியிருக்கிறாய். மகளே, இரண்டு ஓட்டு கைக்கு வந்ததில் எனக்குப் பெருமை உண்டாகும் என்று நினைத்தாயோ? நம் ஊரில் கப்பலிலிருந்து இறங்கும் எதுவும் மூடியபடி வீடு வந்து சேர்வதில்லை அல்லவா, உன் பெரியப்பா ஓபெத் மறுநாளே வந்துவிட்டார். வாசலில் நின்றபடியே, “ஏ லெய்சாவி, உங்கிட்ட ரெண்டு ஓட்டு இருக்காமே, ரெண்டையும் சைமனுக்குன்னு எழுதிக்கிட்டேன்” என்றார். சைமன் அவருடைய மருமகன் முறை என்பதும், நான்கு வருடமாக நம் தொகுதி உறுப்பினர் என்பதும் நீ அறிந்ததே. ஒன்று என்னுடையது, அதை நான் யாரிடமும் சொல்வதாக இல்லை, மற்றது என் மகளுடையது, அது என் கையில் இருந்தாலும் என் சொத்து அன்று என்று அவரிடம் பணிவுடன் தெரிவித்துக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு, “மூணாங்கிளாஸ் படிச்சுட்டு நீ பேசுற பேச்சுக்கு உன்னயே எம்பியா நிறுத்தணும். பொண்ணு எங்கயோ தக்காளி பறிக்குது, அதுக்கு இங்க நடக்கறது என்ன தெரியும்?” என்றார். மூன்றாம் வகுப்பைப் பற்றி அவர் சொன்னது என்னைத் தைக்கவில்லை. அதற்குப்பின் படித்ததெல்லாம் நானாகப் படித்தது. உனக்கு என்ன தெரியும் என்று கேட்டாரே, அதுதான் தைத்தது. ஏனெனில் நீயே எதுவும் வேண்டாம் என்று எழுதிவிட்டாய்.

ஆகையால் இங்கு நடந்ததைத் தெரிவிக்கிறேன். நாங்கள் சபைப் பெண்கள் மூன்று வேட்பாளர்களையும் தேவாலயத்து முற்றத்துக்கு ஒரே நாளில் அழைத்தோம். கிழங்கை அரைத்து இலையில் பொதிந்து லாப்லாப் சுட்டுப் பரிமாறிவிட்டுத்தான் கேள்வி கேட்டோம், சாப்பிட்ட கையோடு எழுந்து போக முடியாதல்லவா. சைமன் எங்களுக்குக் கொடுத்த சூரிய விளக்குகள் தேர்தல் அறிவித்த பிறகுதான் வந்தன, பாராளுமன்றத்தில் மூன்று முறை அணி மாறியவர், இவையெல்லாம் உண்மை. ஆனால் நீ கப்பலேறிப் போன துறை புயலில் உடைந்தபோது அலைந்து திரிந்து சரிசெய்ய வைத்தவரும் அவரே. நர்ஸ் எங்கே என்று கேட்டதற்கு, “அனுப்பி வச்சேனே, கடலப் பாத்துப் பயந்து திரும்பிட்டாங்க” என்றார். உடனே உன் பெரியம்மா லெய்னாசே பின்வரிசையிலிருந்து, “அப்போ நீந்தத் தெரிஞ்சவளா பாத்து அனுப்புறதுதானே!” என்றார், முற்றமே அதிர்ந்தது. அடுத்தவர் யோனா. விலாவில் வளர்ந்த பிள்ளை, நம் ஒற்றையடிப் பாதைகள் எதுவும் தெரியாது, பேச்சு நீளம். இருந்தும் நாங்கள் கேட்டதைக் குறித்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான், தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னார். மூன்றாவது ஓய்வுபெற்ற நர்ஸ் ரூத்தி. வேலை தெரிந்தவர், நாக்கு நெருப்பு. பணியில் இருந்த காலத்தில் ஒருநாள் ஊர்த்தலைவருடன் சண்டை போட்டுக்கொண்டு மருந்தகத்தைப் பூட்டிவிட்டுப் போனதை யாரும் மறக்கவில்லை, அன்று காய்ச்சல் குழந்தைகளோடு தாய்மார் வெளியே காத்திருந்தார்கள். நெல்லி எழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டே, “அத்தை, இனிமேலும் கோவம் வந்தா பூட்டிட்டுப் போயிடுவீங்களா?” என்று கேட்டாள். ரூத்தி, “கோவம் வரும்டி, வராதுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா சாவிய உங்க கையில குடுத்துட்டுத்தான் போவேன்” என்றார்.

ஒருத்தரும் சரியில்லை என்று நீ சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொள்கிறேன். எல்லோரும் ஒரே குட்டை என்பதை மட்டும் ஏற்பதற்கில்லை. ஒருவரின் குறை நிலையில்லாமை, ஒருவரின் குறை அனுபவமின்மை, ஒருவரின் குறை கோபம். எந்தக் குறையோடு நம்மால் சண்டை போட்டுக் காரியம் நடத்த முடியும் என்பதைத்தான் நாம் முடிவுசெய்கிறோம். நமக்கு வரும் கப்பலைப் பார், ஒன்றில் துரு, ஒன்றில் எஞ்சின் கோளாறு, ஒன்றின் மாலுமி கவாப் பிரியர். அதற்காக நாம் விலாவுக்கு நீந்திப் போவதில்லை, இந்த வாரக் கடலுக்கு எது தாங்கும் என்று விசாரித்து ஏறுகிறோம். போன தேர்தலில் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் இருந்த ஓட்டு வித்தியாசம் நம் தேவாலயத்தில் ஒரு பக்கத்து வாங்குகளில் உட்காரும் கூட்டத்தைவிடக் குறைவு. அன்று நம் இளைஞர்கள் எல்லோரும் உன்னைப்போலவே சலித்துக்கொண்டு வாலிபால் வலையின் அடியில் படுத்திருந்தார்கள். பூட்டிய மருந்தகம் அவர்களுக்கும் சேர்த்துத்தான் பூட்டிக் கிடக்கிறது.

மனத்துக்கு இதமான ஒன்றையும் சொல்லவேண்டும். உன் பெரியப்பா, ஓட்டுச்சாவடியில் வேட்பாளருக்கு ஒரு தாளாகத் தரும் படக்கட்டில் உறைக்குள் போடாத மீதித் தாள்களை வெளியே கொண்டுவந்து தன்னிடம் காட்டவேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார், யார் படம் குறைகிறது என்று பார்த்துக்கொள்வாராம். பெரியம்மா லெய்னாசே ஓடையில் துணி துவைக்கும்போது என்னிடம் மெல்ல விசாரித்தார். மீதித் தாள்களை மறைப்புக்குள் இருக்கும் தொட்டியிலேயே போட்டுவிட்டு வரவேண்டும், வெளியே கொண்டுவருவது குற்றம் என்று தேர்தல் அதிகாரி வந்தபோதே விளக்கினார் என்று எடுத்துரைத்தேன். அவர் சோப்புப் போடுவதை நிறுத்திவிட்டு, “அப்போ அந்தாளோட மருமகன் மூஞ்சியும் தொட்டிக்குள்ளயே போயிடும்ல, யாருக்கும் தெரியாது?” என்று கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் ஓடையில் இருந்த பெண்கள் எல்லோரும் காரணம் தெரியாமலே சிரித்தார்கள். முப்பது வருட மணவாழ்க்கையில் அந்த மனுஷி தானாக ஒருவரைத் தேர்ந்தெடுக்கப் போவது இதுவே முதல் தடவை. நானும் என் முடிவை உன் தந்தையிடம் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை, ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறோம். உனக்கும் சொல்வதாக இல்லை.

தேர்தல் அடுத்த மாதத்து முதல் வியாழன். உன் படக்கட்டையும் என் கையில்தான் தருவார்கள். அதிலிருந்து எந்த முகத்தை உறைக்குள் வைக்கவேண்டும் என்பதை நீ சொல்லவேண்டும். எனக்குச் சற்றும் பிடிக்காத பெயராக இருந்தாலும் அதையே வைப்பேன், இது உன் தாயின் வாக்கு. பெயர் வராவிட்டால் என் ஓட்டை மட்டும் போட்டுவிட்டு உன் ஒப்புதல் தாளை மடித்து உனக்கே திருப்பி அனுப்பிவிடுவேன், உன் பெயரில் நான் யாரையும் தேர்ந்தெடுக்கமாட்டேன். காலில் ஈரச் சப்பாத்தோடு நிற்காதே, கம்பளிச் சட்டையை வேலை முடியும்வரை கழற்றாதே. உன் கைகளும் உன் தீர்மானங்களும் உறுதியாக இருக்கக் கடவுள் ஆசீர்வதிப்பாராக. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நெல்லியின் கணவன் சிக்னலுக்காக மலைமேல் ஏறுவான், அவன் கைபேசிக்கு ஒரு பெயரை அனுப்பினால் போதும். விரைந்து பதில் எழுது.

இப்படிக்கு,
உன் தாய்,
லெய்சாவி பாக்கோவா