கல் கிடங்கில் மாநாடு

நிலையப் பதிவேடு: நெடுங்கரை, செவ்வாய்க் கோள்
எழுதுபவர்: பூங்கோதை, நிலவியலாளர்

மாநாட்டுக்கு 40 நாள் முன். காலை 9:10
வெளியே மைனஸ் 63 டிகிரி. காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. தென்மண்டல நிலவியல் மாநாட்டை இந்த முறை நெடுங்கரையில் நடத்தச் சொல்லிவிட்டார்கள். இங்கே ஆள் நான் ஒருத்திதான். ஆகவே வரவேற்புக் குழு, உணவுக் குழு, தங்குமிடக் குழு எல்லாம் நானே. கட்டுரைச் சுருக்கம் இருநூறு சொல்லைத் தாண்டக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினேன். போன மாநாட்டில் ஒரு புண்ணியவான் எண்ணூறு சொல் எழுதி என் உயிரை வாங்கினார்.

22 நாள் முன். பகல் 2:30
பன்னிரண்டு பேர் வருவார்கள் என்று நினைத்தேன். முப்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எத்தனை வேளைச் சாப்பாடு என்று கேட்டேன். தங்கள் பேச்சு முதல் நாள்தானே என்று மட்டும் கேட்கிறார்கள்.

வடமேட்டு நிலையத்து இசக்கிமுத்துவின் சுருக்கம் இன்று வந்தது. தலைப்பு: நெடுங்கரைக்கு அடியில் இருப்பது என்ன? நாலு நாள் தாமதம், முந்நூற்று நாற்பது சொல். திறக்கவே இல்லை. சொல் எண்ணிக்கையைப் பார்த்ததுமே திருப்பி அனுப்பினேன். அவன் குரல் செய்தி:

"அக்கா, புழுதிப் புயல்ல ஆன்டெனா போயிட்டு, அதான் லேட்டு. எதை வெட்டச் சொல்லுதீய? எல்லாமே வேணும்லா."

என் பதில்: "இருநூறு தம்பி. எதையாவது வெட்டு."

21 நாள் முன். காலை 8:00
வெட்டி அனுப்பிவிட்டான். சரியாக இருநூறு. படிக்க நேரமில்லை, எண்ணிக்கையை மட்டும் பார்த்தேன். மூன்றாம் நாளின் கடைசிப் பேச்சாகப் போட்டேன். தாமதமாக அனுப்புகிறவர்களுக்கு அதுதான் இடம். அந்த நேரத்தில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

முதல் நாள். மாலை 5:20
உணவறையில் பாதிப் பேருக்கு உட்கார இடமில்லை. கல் கிடங்குக்கு மாற்றினேன். துளையிட்டு எடுத்த மாதிரிகளை வைக்கும் பெரிய கூடம் அது. எட்டு வருடமாகச் சூடேற்றியதே இல்லை. இருந்த நாலு ஹீட்டர்களையும் அங்கே தள்ளிக்கொண்டு போனேன். மதியத்துக்குள் எல்லோரும் வெறும் சட்டையோடு உட்கார்ந்தார்கள், எனக்குக் கைகூடத் தட்டினார்கள். வழக்கப்படி ஆளுக்கொரு பெட்டி கல் கொண்டுவந்திருக்கிறார்கள். நிலவியலாளர் வெறுங்கையோடு எங்கும் போகமாட்டார். பெட்டிகளை அடுக்கி என் முதுகு போய்விட்டது.

இரண்டாம் நாள். மாலை 6:05
கிடங்குக் கதவு தரையில் உரசுகிறது. தோளால் தள்ள வேண்டியிருக்கிறது. மேசையில் வைத்த பென்சில் தானாக உருண்டு விழுந்தது. இருபத்தொன்பது நிலவியலாளர்களும் நானும் அதைப் பார்த்தோம். மேசைக்கால் கோணல் என்று ஒருவர் பெயர் அட்டையை மடித்துக் காலுக்கடியில் வைத்தார். நிலையம் பாறைமேல் நிற்கிறது என்றுதான் கட்டியவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தெம்பில்லை. நாளையோடு முடிந்தால் போதும்.

மூன்றாம் நாள். காலை 11:15
இசக்கிமுத்து ரோவரில் வந்துகொண்டிருக்கிறான். இன்னும் ஆறு மணி நேரத் தொலைவு. கைரேடியோவில் கூப்பிட்டான்:

"அக்கா, நான் வர சாயங்காலம் ஆயிரும். என் பேச்ச கொஞ்சம் தள்ளிப் போடுங்க. உணவறைலதான நடக்கு?"

கல் கிடங்கில் என்றேன். ஹீட்டர் போட்டு இதமாக இருக்கிறது என்று பெருமையாக வேறு சொன்னேன். ரேடியோவில் கத்தினான்:

"அக்கா, எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போங்க. இப்பமே. கேள்வி கேக்காதீய."

காலை 11:40
கிடங்குக் கதவு திறக்கவில்லை, எல்லோரும் உள்ளே மாட்டிக்கொண்டோம். நான் எழுவதற்குள் தரையின் ஒரு பக்கம் முழங்கால் உயரம் இறங்கிவிட்டது. கதவுச் சட்டம் வளைந்து இறுகிவிட்டது. காற்றுக் குழாய் அறுந்து அதன் அடைப்பு தானாக மூடிக்கொண்டது, இனிப் புதுக் காற்று வராது. விண்ணுடைகள் கதவுக்கு அந்தப் பக்கம் நடைவழியில் பெயர்ச்சீட்டோடு வரிசையாகத் தொங்குகின்றன. சீட்டு ஒட்டியது நான்தான். இசக்கிமுத்து ரேடியோவில் சொல்லி ஹீட்டர்களை அணைத்தோம். முப்பது பேருக்கு இந்தக் காற்று நாலு மணி நேரம் வரும். மற்ற நிலையங்களின் ஆட்கள் எல்லோரும் இந்தக் கூடத்தில்தான் இருக்கிறார்கள். வெளியே இருப்பது அவன் ஒருவன்தான்.

"முழு வேகத்துல வாரேன்க்கா. அப்பவும் அஞ்சு மணி நேரம் ஆவும். நீங்க வெட்டச் சொன்னப்போ கடைசிப் பத்தியத்தான் வெட்டுனேன். அந்தக் கிடங்க யாரு சூடாக்கப் போறான்னு நெனச்சிட்டேன். மன்னிச்சிருங்க."

மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். சொன்னேன். அதற்குள் ரேடியோ போய்விட்டது, கேட்டானா தெரியவில்லை.

பகல் 2:50
தலை இடிக்கிறது. எழுத்து கோணுகிறது. கொண்டுவந்த கற்களாலேயே கதவை இடித்தோம். கற்கள்தான் உடைந்தன. எனக்குப் பயமாக இருக்கிறது.

இதை எடுத்துப் படிக்கப்போவது இசக்கிமுத்துதான். தம்பி, வெட்டச் சொன்னது நான். இதை நீ சுமக்காதே.

பகல் 3:20
நிகழ்ச்சி நிரலில் ஒரு பேச்சு பாக்கி இருக்கிறதே என்று யாரோ கேட்டார்கள். இசக்கிமுத்து முதலில் அனுப்பியது என் கணினியில் இன்னும் திறக்காமல் கிடந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று வாசித்தேன். அடியில் பாறை இல்லை. பனி கலந்த மண். குளிரில் கல்லாகத் தாங்கும், சூடு பட்டால் கூழாகும். கடைசி வரி, கல் கிடங்கை ஒரு நாள்கூடச் சூடேற்ற வேண்டாம்.

கேள்விகள் உண்டா என்றேன். பழக்கம். யாரும் கை தூக்கவில்லை.

முந்நூற்று நாற்பது சொல். வாசிக்க மூன்று நிமிடம்தான் ஆனது