பெயர், இலக்கம், நேரம்

ஆனி 2, திங்கள்

காலையிலேயே சோளகக் காற்று. மேசையைத் துடைத்து முடிக்க முன் மறுபடி மண். யன்னல் கதவு கழன்று ஒரு மாதம். யார் கேட்கிறார்கள்.

தரம் பத்து சுற்றாடல் வகுப்பின் களவேலைக்கு விதித்தாள் எழுதி முடித்தேன். பாடசாலையில் போட்டோப் பிரதி இயந்திரம் பழுது. முல்லைத்தீவு வரை ஸ்கூட்டியில் போய் எடுத்து வந்தேன். எனக்கும் ஒரு பிரதி இங்கே:

– லஞ்ச்சீற் பொலித்தீனில் சாப்பாடு கொண்டு வந்தால் சீற் திரும்ப வீட்டுக்கே.
– களத்துக்குச் சப்பாத்து. (வெட்டிவிட்டேன். பாதிப் பேருக்குச் சப்பாத்து இல்லை.)
– மண்ணில் இரும்பு கண்டால் (வெடிக்காத ஷெல்லாக இருக்கலாம்) தொடக்கூடாது, என்னிடம் சொல்ல வேண்டும்.
– கண்ணால் கண்டதை மட்டும் எழுது. அண்ணா சொன்னது, ஃபேஸ்புக்கில் வந்தது செல்லாது.
– பெயர், இலக்கம், நேரம் இல்லாத குறிப்புக்குப் புள்ளி இல்லை.
– ஒவ்வொரு பக்கத்திலும் பெற்றோர் ஒப்பம்.

அதிபருக்குக் கடைசி விதி பிடித்துவிட்டது. "அதுதான் ரீச்சர் முக்கியம். பிறகு ஒருத்தரும் தங்களுக்குத் தெரியாதெண்டு சொல்லேலாது."

ஆனி 5, வியாழன்

வெக்கை. தலையிடி. குறிப்புக் கொப்பிகள் வந்தன. "மரம் ஒன்று. பறவை ஒன்று. நேரம் காலை." இதையே ஒன்பது பேர், ஒரே எழுத்துப்பிழையோடு. என்ன மரம், என்ன பறவை? இவர்களுக்கு நான் தொண்டைத் தண்ணி வற்றக் கத்தியது எதற்கு?

தர்சிகா மட்டும் நாயாற்றுக் களப்போரம் போய் இருந்து எழுதியிருக்கிறாள். கண்டல் மரங்கள் எத்தனை, வேரோடு சாய்ந்தவை எத்தனை, கரை வெட்டுப்பட்ட இடம் அவளுடைய நடையில் எத்தனை எட்டு. அதன் கீழே, கட்டம் போட்டு:

பெயர்: (எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளரின் பெயர், முழுதாக)
இலக்கம்: (அவருடைய டிப்பர் லொறியின் இலக்கம்)
நேரம்: காலை 5.40. மண் ஏற்றியது.

சிரித்துவிட்டேன். நான் கேட்டது மரத்தின் பெயர், கயிறு கட்டிய சதுரத்தின் இலக்கம். பிள்ளை தனக்கு விளங்கியபடி ஒன்றும் விடாமல் எழுதியிருக்கிறது. பிறகு சிரிப்புப் போய்விட்டது. களப்புக் கரையை வெட்டி விற்கிற ஆள்தான் எங்கள் பாடசாலை மரநடுகை விழாவில் முன் கதிரையில் இருந்து படம் எடுத்துக்கொண்டவர். கீழே தகப்பனின் ஒப்பம், பெரிதாக, சரிந்து.

பத்துக்குப் பத்து. மறுபடி முல்லைத்தீவு போய்ப் பக்கத்தைப் பிரதி எடுத்து வந்து விளம்பரப் பலகையில் குத்தினேன். பெயரை மறைத்திருக்கலாம். மறைக்க மனம் வரவில்லை. பார்க்கட்டும்.

வாங்க: தேங்காய், ஸ்கூட்டிக்கு ரியூப், அம்மாவின் பிரஷர் குளிசை.

ஆனி 9, திங்கள்

பலகையில் குண்டூசிகள் மட்டும். முதலாம் பாடவேளையே அதிபர் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை செயலாளர் கூட்டத்துக்கு வந்து பார்த்திருக்கிறார்.

"சின்னப் பிள்ளை எழுதினதை ஏன் ரீச்சர் சுவரில குத்தினனீங்கள்?"

"கண்டதை எழுதியிருக்கு, சேர்."

"கண்டதெல்லாம் எழுதிறதுக்கு இதென்ன பொலிசோ? விஞ்ஞானத்தைப் படிப்பியுங்கோ."

அதோடு முடியவில்லை. தர்சிகாவின் தகப்பன் அந்த டிப்பரிலேயே மண் ஏற்றுகிற ஆளாம். எனக்குத் தெரியாது. செயலாளர் அந்த ஒப்பத்தைப் பார்த்துவிட்டுக் குதித்தாராம்: "என்ர டிப்பரில நிண்டு கொண்டு எனக்கே பெட்டிசம் போட்டுக் கையெழுத்தும் வைச்சிருக்கிறான்!" சனிக்கிழமையே வேலையால் நிறுத்திவிட்டார்.

என் விதி. என் பலகை. என் திமிர். நிறுத்தப்பட்டது வேறொருவர்.

ஆனி 11, புதன்

பாடசாலை விட்டு நேரே அவர்கள் வீட்டுக்கு. பாதை முழுக்க டிப்பர் கிழித்த பள்ளம். ஸ்கூட்டி இரண்டு தரம் சறுக்கியது.

தகப்பன் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். கதிரை இழுத்துப் போட்டார்.

"நான் வாசிக்கேல்லை ரீச்சர். விடிய வேலைக்கு வெளிக்கிடேக்க, ஒப்பம் வையுங்கோ அப்பா எண்டவள். வைச்சனான்."

தாய் தேத்தண்ணியை வைத்துவிட்டு நின்றபடியே சொன்னா: "நாங்களும் இவ்வளவு நாளும் கண்டனாங்கள்தானே. எழுதினமோ?"

தகப்பன் கேட்டது ஒன்றே ஒன்று. பிள்ளை எழுதியது பொய் என்று நான் ஒரு கடிதம் தர வேண்டும். தந்தால் செயலாளர் திரும்ப எடுப்பாராம்.

"அது பொய் இல்லையே," என்றேன்.

"எனக்குத் தெரியாதோ ரீச்சர்? ஏத்தினதே நான்தானே. உங்களுக்கு இடமாற்றம் வந்தா நீங்கள் போயிடுவியள். நாங்கள் எங்க போறது?"

தர்சிகா குசினி வாசலில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளிக்கிடும்போது பின்னால் வந்தாள். "நான் பிழையா எழுதினனானோ ரீச்சர்?"

இல்லையம்மா, சரியாகத்தான் எழுதினாய் என்றேன். அது மட்டும் உறுதியாகச் சொன்னேன்.

ஆனி 12, வியாழன்

கடிதம் எழுதினேன். விதியைத் தெளிவில்லாமல் எழுதியது என் தவறு, பெயரும் இலக்கமும் கேட்டது நான், ஒப்பம் கேட்டதும் நான், தகப்பன் வாசிக்காமல் வைத்தவர் என்று. அதிபர் அதை வாசித்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "உங்கட பிழை செயலாளருக்கு என்னத்துக்கு? பிள்ளை அதைக் கண்ணால காணேல்லை எண்டு ஒரு வரி போடுங்கோ. காரியம் முடிஞ்சுது."

கோபம்: செயலாளர் மீது. அதிபர் மீது, அவருடைய மெல்லிய குரல் மீது. ஒருத்தர் தப்பாமல் தேத்தண்ணி குடித்துக்கொண்டு "விடுங்கோ ரீச்சர்" என்ற ஆசிரியர் அறை மீது. தர்சிகாவின் தாய் மீதும்தான், அவா சொன்னது உண்மை என்பதால்.

ஆனி 13, வெள்ளி

எழுதிக் கொடுத்துவிட்டேன். "மேற்படி மாணவி குறிப்பிட்ட விடயத்தை நேரில் காணவில்லை எனவும், கற்பனையாக எழுதியதாகவும்..." அதிபர் முத்திரை குத்தினார். போதாதென்று தர்சிகாவையும் கூப்பிட்டுக் கீழே ஒப்பம் வைக்கச் சொன்னார். நான் தடுக்கவில்லை. அவள் முழுவதையும் வாசித்தாள். என்னைப் பார்க்கவில்லை. வைத்தாள்.

தகப்பனுக்கு நாளைக்கே வேலையாம். செயலாளர் ஃபோனில், "ரீச்சர் விளங்கின ஆள்." வெட்கம் கெட்டுப் போய் "ஓம்" என்றேன்.

ஆனி 16, திங்கள்

காற்று இல்லை. புழுக்கம். களவேலை இனிப் பாடசாலை மதிலுக்குள் மட்டும், அதிபரின் உத்தரவு. மலசலகூடத்துக்குப் பின்னால் கயிற்றால் சதுரங்கள் கட்டி, உள்ளே நிற்கிற செடிகளை எண்ணச் சொன்னேன். ஒரே இரைச்சல். எண்ணாமலே எழுதுகிறார்கள். இரண்டு கொப்பியைப் பறித்துக் கத்தினேன்.

தர்சிகா குந்தியிருந்து இரண்டு தரம் எண்ணினாள். பிறகு எழும்பி வந்தாள். நக்கல் இல்லை, முகத்தில் கோபமும் இல்லை. பேனையைத் திறந்தபடி, கரும்பலகையில் விளங்காத ஒரு சொல்லைக் கேட்பதுபோல் கேட்டாள்.

"நாயுருவி நாலு நிக்குது ரீச்சர். எத்தினை எண்டு எழுத?"