கடைமடை நனைந்த பிறகே

இன்று காலை கடையில் யூரியா மூட்டை ஒன்றைப் பிரித்தேன். மழை ஈரம் ஏறியிருந்ததால் மூக்கைத் துளைக்கும் அந்த நெடி குப்பென்று எழுந்தது. சம்பாவுக்கு மேலுரம் போடும் காலம். வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள். எனக்கோ உன் நினைவு வந்தது.

பாபநாசத்தில் பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்தோம். பிறகு நீ பொறியியல் கல்லூரிக்குப் போனாய்; நான் அப்பாவின் உரக்கடைக் கல்லாவுக்கு வந்தேன். மூட்டையின் மேல் அச்சிட்டிருந்த எழுத்துகளில் தொடங்கி, வேதியியலை நானே கற்றேன். எந்தப் பேராசிரியருக்கும் நன்றி சொல்ல வேண்டிய நிலை எனக்கில்லை.

டெல்லி வேலையிலிருந்து நீ விடுப்பில் வந்திருந்த ஒரு மாலை, கல்லாவுக்கு எதிரே அமர்ந்து காபி குடித்தபடி உன் வேலையை விவரித்தாய். வெயிலிலும் காற்றிலும் எடுக்கும் மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பீர்கள். அதை நைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியாவாக்கிக் கப்பலேற்றுவீர்கள். நாட்டுக்கே புதிய தொழில் என்று நீ சொன்னபோது உன் முகத்தில் தெரிந்த பெருமிதத்தை என்னால் சகிக்க முடியவில்லை.

"அம்மோனியாதானே உரத்துக்கும் அடிப்படை? நமக்கு எப்ப வரும்?" என்றேன்.

"மொதல்ல வெளிநாட்டு ஆர்டர்டி. மிச்சம் இருந்தா உரக் கம்பெனிக்கு."

"நல்லாருக்கு உங்க நியாயம். கடைமடை நனைஞ்ச பிறகுதான் கடலுக்கு விடணும். ஆத்துக்கு மட்டுமா அந்தச் சட்டம்?"

வாய்க்காலின் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டாமல் போனால் என்ன ஆகும் என்று உனக்கு விளக்கத் தேவையில்லை. உன் அப்பாவின் நிலம் அங்கேதான் காய்ந்து கிடந்தது. நீ காபியைக் கீழே வைத்தாய்.

"இன்னொரு தடவ சொல்லு."

"ஏன், டெல்லிக்காரிக்கு வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கணுமோ?"

சில மாதங்கள் கழித்துத் தொலைபேசியில் சிரித்தாய். "உன் வசனம்தாண்டி இன்னிக்கு மேடையில கைதட்டு வாங்குச்சு."

"எம் பேரச் சொன்னியா?"

"எங்க ஊர்ல ஒருத்தின்னு சொன்னேன்."

மறுநாள் பத்திரிகையில் உன் படமும் என் வாக்கியமும் வந்தன. அந்த ஒருத்தியைக் காணவில்லை.

வாக்கியம் மட்டுமே என்னுடையது என்பதை மறுக்க மாட்டேன். உற்பத்தியில் ஒரு பங்கை முதலில் உள்நாட்டு உரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று அதிகாரிகளோடு வாதாடியவள் நீ. அதைத் திட்ட வரைவுக்குள் நுழைத்தவளும் நீ. அந்த அறையின் கதவு உனக்குத் திறந்தது. அதே கதவை நான் தட்டியிருந்தால், உரம் விற்க வந்தவள் என்று வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள். உன் பட்டத்தின்மீதும் பதவியின்மீதும் எனக்குப் பொறாமை வந்ததில்லை. அந்தக் கதவின்மீது வந்தது. நோய் உன்னைக் கொண்டுபோன பிறகும் அது தணியவில்லை.

உன் அஞ்சலிக் கூட்டத்தில் பேனர் கட்டியிருந்தார்கள். உன் முகத்துக்குக் கீழே, மேற்கோள் குறிகளுக்குள், என் வாக்கியம். விவசாயச் சங்கச் செயலாளர் என்னிடமே அதைக் காட்டினார்.

"எவ்வளவு அழகா சொல்லியிருக்காங்க பாத்தீங்களாக்கா? படிச்சவங்க படிச்சவங்கதான்."

"அது நான் சொன்னது," என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "விடுங்கக்கா. செத்தவங்க பேச்சுல போய்ப் பங்கு கேக்குறீங்களே."

அருகில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அதை உன்னிடம் சொன்ன மாலையில் கடையில் நம் இருவரைத் தவிர யாருமில்லை. எனக்காகச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் பேனரிலிருந்து புன்னகைத்துக்கொண்டிருந்தாள்.

உரத்துக்கென்று நீ எழுதவைத்த அந்தப் பங்கு இன்னமும் தாளில்தான் இருக்கிறது. ஏற்றுமதியைக் காட்டி அதை நீக்கிவிடுவார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. அடுத்த வாரம் தஞ்சாவூரில் கருத்துக்கேட்புக் கூட்டம். பேசுவதற்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் என் வாதம் நிற்காது. சொன்னதும் கைதட்டுவார்கள், மறைந்த தோழியை எத்தனை அன்போடு மேற்கோள் காட்டுகிறாள் என்று நெகிழவும் செய்வார்கள்.

ஆயினும் சொல்வேன். அவர்கள் அதை உன்னுடையதாகவே வைத்துக்கொள்ளட்டும். உன்மேல் நான் கொண்ட பொறாமை மட்டும், வேறு எவருக்கும் பங்கின்றி, முழுவதுமாக என்னிடமே இருக்கிறது.