ஆட்டை வைத்து எடுத்த அளவு

இயேசு மரி சூசை துணை

சாந்தோம்,
18 ஜூன் 1934

அன்புள்ள மருமகன் வில்லியமுக்கு,

மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சௌக்கியம், கடலும் சௌக்கியம், நேற்று மாலைதான் போய் விசாரித்தேன். அமெரிக்காவில் நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் தெரியவில்லை. ‘நலம்’ என்று ஒரு சொல் எழுதுவதற்குள் உனக்குக் கை ஒடிந்துவிடுகிறது. அதனால் உன் அம்மா நீ அனுப்பும் கார்டில் உள்ள படத்தையே கடிதமாகப் படிக்கிறாள். அந்தப் படங்களில் வருகிற அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோ ஜனங்களைப் பற்றி சாந்தோமில் அவளை மிஞ்சிய பண்டிதர் இன்று கிடையாது. தறியில் கம்பளம் நெய்கிற அம்மாளுக்கு எந்தத் தோள் வலிக்கும் என்பதுவரை சொல்கிறாள். போன வாரம் வந்த கார்டில் ஆட்டோடு நிற்கிறாளே ஒரு சிறுமி, அவளுக்கு நல்ல வெல்வெட் சட்டைதான், ஆனால் கை மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிட்டது, வளருகிற பிள்ளை என்று சொல்லி உடனே தையல் மெஷினைத் திறந்துவிட்டாள். அளவுக்கு எங்கே போவது, படத்தில் ஆடு சிறுமியின் இடுப்புவரை வருகிறது, ஆகவே மீன் விற்கும் கங்கம்மாவின் ஆட்டைப் பிடித்து அளக்கும் திருப்பணி எனக்கு வந்தது. அது என்னை அடையாற்றுப் பாலம்வரை இழுத்துப் போய், வழியில் பாதி டேப்பையும் தின்று தீர்த்தது. கங்கம்மாவோ, இன்னா நைனா, ஆட்டுக்கு சொக்கா தைக்கிறியா, அதுக்குமா கண்ணாலம் கீது என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரித்தாள்.

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். படம் பிடித்து எத்தனை வருஷமோ, இந்நேரம் அந்தப் பெண் இன்னும் வளர்ந்திருப்பாள் என்று சொல்லித் தொலைத்தேன். மெஷின் நின்றுவிட்டது. வருகிற தையில் நடக்கப்போகும் உன் தங்கை கிளாடிஸ் கல்யாணத்தில் நீ போடுவதற்கென்று தைத்த சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நீ கப்பல் ஏறிய நாளின் அளவு அது, ஐந்து வருஷம் ஆகிறது, இப்போது என் பிள்ளைக்குப் பத்துமா அண்ணா என்று என்னைக் கேட்கிறாள். பதினாலு பாஷை தெரிந்த உன் மாமன் உடனே இந்தக் கடிதம் எழுதக் காகிதம் தேடினான்.

ஆகையால் என் ஆணை இது. அடுத்த கார்டில் நீயே நில், பக்கத்தில் ஒரு ஆடும் நிற்கட்டும், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கல்யாணத்துக்கு நேரிலேயே வந்து நின்றால் கங்கம்மாவின் ஆடு பிழைத்துப்போகும். சிறுமியின் சட்டை பார்சலில் வருகிறது, வளர்ந்தால் பிரித்துவிட உள்ளே நிறையத் துணி விட்டிருக்கிறாள். அவளைத் தேடிக் கொடுப்பது உன் பொறுப்பு, அமெரிக்கா அப்படியொன்றும் பெரிய ஊராக இருக்காது.

ஆண்டவரும், அவருக்கு அடுத்தபடியாக நானும், உன்னை ஆசீர்வதிக்கிறோம். மறந்துவிடாதே, உன் சட்டைக்கு இன்னும் பொத்தான் வைக்கவில்லை. நீ போட்டுப் பார்த்த பிறகுதானாம்.

உன் அம்மாவின் ஒரே அண்ணன்,
அகஸ்டின் மாமா