முன்புறப் புல்லைப் பெயர்த்த விவகாரம்

அன்பு மகளுக்கு, இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று போன வருஷமே சொன்னவன் உன் சித்தப்பா, எழுதி வைக்காததுதான் தப்பு. இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் கோபமும் சுகமாக வளர்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே.

அந்தப் புல் என் அண்ணனைப் படுக்க வைக்கும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன், யார் கேட்டார்கள். வாராவாரம் வெட்டுகிற மெஷினைத் தள்ளி வேர்த்து நிற்பார், ஒரு மழை பெய்தால் மறுபடி இடுப்பளவு, அதற்குள் போன பூனை ஒன்று வழி தெரியாமல் இரண்டு நாள் கத்தியது. டாக்டரும் இனிமேல் மெஷினைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்ட பிறகுதான் நான் மண்வெட்டியை எடுத்தேன். ஒற்றை ஆளாக மூன்றே நாளில் மொத்தத்தையும் பெயர்த்தேன், உன் சித்தி கொஞ்சம் கைகொடுத்தாள். நடக்கக் கல் பதித்து, சுற்றிலும் தரையோடு படர்கிற கொடி நட்டேன். வெட்ட வேண்டாம், தண்ணீரும் அதிகம் கேட்காது. சாணுக்கு ஒன்று வைங்க என்றார் நர்சரிக்காரர், அவருக்கு என்ன தெரியும், நாலு விரலுக்கு ஒன்று நட்டேன். சீக்கிரம் மூடிவிட்டது, பக்கத்து வீட்டையும் சேர்த்து.

அதற்குக் கிடைத்த மரியாதையைக் கேள். பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் நின்று, என்ன சார் காடு வளக்கிறீங்களா என்கிறார். காடாம். செடியே என்னைக் கேட்டுத்தான் இலை விடும், என்னிடம் வந்து காடு என்கிறார். உன் அப்பா அவருக்கும் மேல். பதினாறு நாளாக என்னோடு பேச்சில்லை. வாசலில் நாற்காலி போட்டு அந்த மெஷினைத் துடைத்துக்கொண்டே, என் புல்லைத் திருப்பித் தரச் சொல்லும்மா அவன்கிட்ட என்று உன் சித்தியிடம் சொல்கிறார். போகட்டும், நீயும் போனில், கேக்காம ஏன் சித்தப்பா செஞ்சீங்க என்றாயே, அதுதான் இன்னும் சுடுகிறது.

டாக்டரிடம் நீயே பேசப் போகிறாயாம், சித்தி சொன்னாள். அதற்கு முன் ஒன்று. அவர் மெஷினைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, நன்றாக நடங்கள் என்றுதான் சொன்னார். மீதியை நான் சேர்த்தேன். ஆனால் புல்லைப் பெயர்ப்பதற்கு முன் ஒரு நாள் அண்ணன் அதன் நடுவே மெஷினைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டதைப் பார்த்தேன், முகமெல்லாம் வெளுத்திருந்தது. என்னடா பாக்குற, சும்மா உக்காந்திருக்கேன், யார்கிட்டயும் சொல்லாதே என்றார். இதில் ஒரு சொல்கூட நான் சேர்த்ததில்லை. டாக்டரிடம் மறக்காமல் இதைச் சொல். கேட்டுவிட்டு அவரும் நான் சொன்னதையே சொல்வார், பார்.

பிள்ளைகளோடு நீடூழி நன்றாக இரு.

அப்பாவிடம் வாயைத் திறக்காதே,
உன் சித்தப்பா