மோரியோடு போகும் சாக்கு

1994 பிப்ரவரி 6, ஞாயிறு. ஜெருசலேம்
மழை. முழங்கால் வலி. இருந்தும் காலை ஜெபத்துக்குப் போனேன். ஜெபக்கூடக் கூரை ஒழுகியதால் பரணைப் பிரித்திருக்கிறார்கள். நைந்துபோன வேத ஏடுகள், ஒரு சாக்கு நிறைய. கடவுளின் பெயர் எழுதிய எதையும் எரிக்க மாட்டோம், புதைப்போம். சாக்கின் வாயில் தோல் ஏடு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. உயிர்க்குறிகள் இன்றுபோல் எழுத்தின் அடியில் இல்லை, தலைமேல். கோடு கிழித்த விதமோ மிகப் பழையது. ஆயிரம் வருஷம் இருக்குமா? இந்த ஜெபக்கூடத்து ஏமன் யூதர்கள் பழைய முறையை எளிதில் விடாதவர்கள், இருநூறாகவும் இருக்கலாம். சாக்கடல் குகைகளில் கிடைத்த ஏடுகளை ஆராய்ந்தே ஆயுளைக் கழித்தவன் நான். எனக்கே நிச்சயமில்லை. அதற்குள் காரியஸ்தர் ஸெகாரியா சாக்கைக் கட்டிவிட்டார்.
"இது மோரி ஸாலெமோட போகுது, டாக்டர். ஆஸ்பத்திரில கைய விரிச்சிட்டாங்க."
மோரி என்றால் ஏமன்காரர் பேச்சில் ஆசான்; ஸாலெம் இங்கே பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுத்தவர். அப்படிப்பட்டவர் இறந்தால் அவர் குழியிலேயே ஏடுகளையும் வைப்பார்கள். அது பெரிய மரியாதை.

பிப்ரவரி 7
சாக்கைப் பிரித்துக் காட்டும்படி கேட்கவில்லை. என் கணிப்பு தவறாக இருந்தால்? கிழட்டு ஜெர்மன்காரன் சவக்குழிக்குள் கை விடுகிறான் என்பார்கள்.

பிப்ரவரி 9
மோரிக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். இன்று சூப் குடித்தாராம். எனக்கு எவ்வளவு சந்தோஷம்! இங்கே இறந்த அன்றே அடக்கம். அவருக்கு மூச்சு இருக்கும்வரைதான் எனக்கு அவகாசம்.
"தெனம் கேக்குறது நீங்க ஒருத்தர்தான். தங்கமான மனசு" என்றார் ஸெகாரியா.
சீ.

பிப்ரவரி 10
பெனினாவிடம் சொன்னேன். "வாயத் தொறந்து கேளுங்களேன். நம்ம கல்யாணத்துக்கே நான்தானே கேக்க வேண்டியிருந்துது?"

பிப்ரவரி 13
குழி மோரியுடையது, அவரிடமே கேட்பதுதான் முறை. வாக்கியங்களை எண் போட்டு மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.
"வா, ஜெர்மன்காரா. நல்லா உக்காரு, நான் இன்னும் சாகல. சாக்கப் பாத்தியா? எனக்குத்தான்! இந்த நாட்டுல வந்து எறங்கினப்ப கைல வெளக்குமாத்தக் குடுத்தானுங்க. மோரின்னு ஒருத்தனும் மதிக்கல. இப்ப பாரு, வேதமே வந்து எம்பக்கத்துல படுக்கப் போவுது."
சிரித்தார், இருமினார். தலையணையைச் சரிசெய்துவிட்டு எழுந்து வந்தேன்.

பிப்ரவரி 17
காலையில் போய்விட்டார்.

பிப்ரவரி 18
நேற்று மலைச்சரிவில் அடக்கம். ஸெகாரியா என்னை முன்னால் இழுத்தார். "வழி விடுங்கப்பா. தெனம் விசாரிச்ச மனுஷன், அவர் கையாலயே வெக்கட்டும்."
சாக்கு என் கைகளில். துணிக்குள் அந்தத் தோலின் விறைப்பு தெரிந்தது. இப்போதாவது, ஒரு நிமிஷம், ஐயா, என்றிருக்கலாம். பயமா, மரியாதையா? குனிந்து, அவர் தோளோரம் வைத்தேன். மண்ணைத் தள்ளினார்கள்.

பிப்ரவரி 20
இருநூறு வருஷம்தான் இருக்கும். இருக்க வேண்டும்.

மார்ச் 20
கூரை வேலை முடிந்தது. மேற்கு மூலையில் இன்னொரு சாக்கு கிடைத்ததாம்.
"மோரிக்கப்புறம் நீங்கதான் படிச்சவர். இத உங்களுக்குன்னு எடுத்து வெக்கறோம். அவசரம் ஒண்ணும் இல்ல, டாக்டர், மெதுவா வாங்க" என்று கண்ணடித்தார் ஸெகாரியா.
நன்றி சொல்ல வாயெடுத்தேன். வேறு வந்தது. "நான் அதப் பிரிச்சுப் பாக்கலாமா?"
"உங்களோட வரப்போறது. நீங்க பாக்காம யார் பாப்பா? மோரியோடதக் கேட்டிருந்தாலும் காட்டியிருப்பாரே. ஏடு பாக்கணும்னு யாராச்சும் வந்தா அவருக்குத் தல கால் புரியாது."
நாளை காலை போகிறேன். பூதக்கண்ணாடியைத் துடைத்து வைத்தாயிற்று. பெனினா சாப்பிடக் கூப்பிடுகிறாள். பசியில்லை.