அப்பா சுரண்டிய சிவப்பு

லிங்கன்ஷயர்
1971 மே 6, வியாழன்

அன்பு மகன் ஆல்வினுக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் நலம். கை கால் எல்லாம் இருக்கிற இடத்திலேயே இருக்கின்றன, அதற்குக் கடவுளுக்கு நன்றி. நீயும் மருமகள் ரோவினாவும் உங்கள் ஆடுகளும் சுகம்தானே? நேற்று அடித்த தந்தியைப் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள். 'சக்கரத்தில் காற்று இருக்கிறது, தொடாதே' என்பதற்கு மேல் தந்தியில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. உங்கள் பண்ணைக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் தபால் வரும் என்று நீ எழுதியிருந்தாய், அதனால் இதையும் விமானத் தபாலில் போடுகிறேன். நியூஸிலாந்துக்குக் கப்பல் இருபதாம் தேதி வந்து சேருமாம். அதற்குள் இரண்டில் ஒன்றாவது உன் கைக்கு வந்தாக வேண்டும்.

நடந்ததைச் சொல்கிறேன், கோபப்படாமல் படி. உன் பட்டாளத்து லாரியில் ஒரு சக்கரத்தின் இரும்பு விரிசல் விட்டிருக்கிறது, டயர் நன்றாக இருக்கிறது, இரும்பு மட்டும் கிடைத்தால் போதும் என்று கேட்டிருந்தாய். நானும் பக்கத்துப் பண்ணைக் கட்பர்ட்டும் திருமதி ஹெப்பிளிடம் வாங்கிய லாரியும் அதே ரகம் என்பதால் அதன் உபரிச் சக்கரத்தை உனக்குக் கப்பலேற்றினேன். என் புத்திதான் உனக்குத் தெரியுமே, சும்மா அனுப்பினேனா? பழைய பெயிண்டை இரும்பு தெரியச் சுரண்டி, பட்டாளத்துப் பச்சையில் மூன்று பூச்சு அடித்தேன். காற்று நிற்கிறதா என்று பார்க்க டயரில் கெட்டியாகக் காற்றடித்து, அதை இறக்காமலே பெட்டியில் வைத்து ஆணி அறைந்துவிட்டேன். அந்தச் சக்கரம் இரண்டு பாதித் தட்டுகளைச் சேர்த்து வைத்து முறுக்கியது. நடுவில் உள்ள நட்டுகள் சக்கரத்தை லாரியோடு பிடிப்பவை, அவற்றைக் கழற்றலாம். வெளிவட்டத்து நட்டுகள் இரண்டு பாதிகளையும் பிடிப்பவை. டயரில் காற்று இருக்கும்போது அவற்றைக் கழற்றினால் மேல் பாதி குண்டுபோலக் கிளம்பி, குனிந்திருப்பவன் தலையைக் கொண்டுபோய்விடும். அதனால்தான் பட்டாளத்தில் அவற்றுக்கு மட்டும் சிவப்பு அடித்தார்கள். அந்தச் சிவப்பைத்தான் நான் சுரண்டினேன். பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம், எனக்குத் தெரியாததா என்ற திமிர்.

உன் பெட்டி போன பிறகு லாரியின் நான்கு சக்கரங்களையும் அதேபோலச் சுரண்டிப் பச்சை அடித்தேன். மறுநாள் காலை கொட்டகையைத் திறந்தால் வெளிவட்டத்து நட்டுகள் சிவப்பாக இருந்தன. பழைய சிவப்பு கசிந்து மேலே வருகிறது என்று நினைத்தேன், சிவப்புக்கு அந்தக் குணம் உண்டு. துடைத்துவிட்டு மறுபடி பச்சை அடித்தேன். மறுநாளும் சிவப்பு. தொட்டால் விரலில் ஒட்டியது. ஒரு நட்டில் பிரஷ்ஷின் மயிர் ஒன்றுகூடச் சிக்கியிருந்தது. உன் அம்மா எட்டிப் பார்த்து, "உங்க லாரிக்கு அம்மை போட்டிருக்கு, போர்வை போத்திப் படுக்க வைங்க" என்று சிரித்தாள். கட்பர்ட்டைச் சந்தேகப்பட்டுக் கேட்டேன். "ஏன்டா, இந்த முட்டி வலியோட வந்து உன் நட்டுக்கு நகப்பூச்சு போடறதுதான் எனக்கு வேலையா?" என்று எரிந்து விழுந்தான். கொட்டகையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அப்போதும் சிவப்பு. ஒன்றைப் பார்த்தும் யோசிக்காமல் விட்டேன். பின்பக்கம் வலது டயர் பஞ்சராகித் தட்டையாகக் கிடந்தது, அதன் நட்டுகள் மட்டும் ஒரு நாளும் சிவக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் டயர் மாற்றுவதற்காக முன்பக்கத்து இடது சக்கரத்தைக் கழற்றினோம். கனம் ஒரு ஆள் கனம் இருக்கும். தூக்கவில்லை, அடியில் மண்வெட்டியைக் கொடுத்து நெம்பி இறக்கி, நிற்க வைத்தே உருட்டிப் போய் மெல்லச் சாய்த்தோம். நீயும் அப்படியே செய், சாய்கிற சக்கரத்தைப் பிடிக்கப் போகாதே, விட்டுவிட்டு விலகிவிடு. வால்வின் ஊசியைக் கழற்றினேன், புஸ் என்றுகூடச் சத்தமில்லை. காற்று எப்போதோ போய்விட்டது என்று நினைத்துக் கட்பர்ட் ஒரு வெளிவட்டத்து நட்டில் ஸ்பேனரை மாட்டிக் குனிந்தான். அன்று காலைதான் நான்காவது முறையாகப் பச்சை அடித்திருந்தேன். பட்டப்பகலில், எங்கள் கண் முன்னே, அந்த நட்டு சிவந்தது. பிறகு அடுத்தது, அதற்கடுத்தது, யாரோ அவசர அவசரமாகப் பூசிக்கொண்டு சுற்றி வருவதுபோல. கட்பர்ட்டின் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். ஒரு கம்பியை எடுத்து வால்வுக்குள் குத்தினேன், துருவும் மண்ணும் அடைத்திருந்தது. அடைப்பு விட்டதும் காற்று சீறியது பார், நின்றபாடில்லை. கடைசியில் அது ஓய்ந்தபோது நட்டுகள் எல்லாம் பச்சையாக இருந்தன. கட்பர்ட் கவிழ்ந்த வாளிமேல் உட்கார்ந்து, "இன்னிக்கு என் பொண்டாட்டி விதவையாகியிருப்பா வில்ஃப்" என்றான்.

சாயங்காலம் இருவரும் திருமதி ஹெப்பிளைப் பார்க்கப் போனோம். நாங்கள் சொன்னதைக் கேட்டு அவர் ஆச்சரியப்படவே இல்லை, கேக்கை வெட்டியபடியே சொன்னார். "எங்க வீட்டுக்காரர் எட்கர் பட்டாளத்துல வண்டி ரிப்பேர் பார்த்தாரில்ல, ஒரு ஜெனரல் பார்வையிட வர்றார்னு எல்லாத்துக்கும் பச்சை அடிக்கச் சொன்னாங்களாம். இவரும் அடிச்சாரு. மறுநாளே ஒரு டிரைவர் தெரியாம வெளிவட்டத்து நட்டைக் கழட்டிச் செத்துட்டான். அதுக்கப்புறம் சிவப்பு டப்பாவும் பிரஷ்ஷும் இல்லாம இவர் கொட்டகைக்குள்ள போனதே இல்லை. போன வருஷம் புதைச்சப்பவாவது நிறுத்துவார்னு நெனச்சேன்." அப்போதுதான் உன் பெட்டி எனக்கு நினைவு வந்தது. பச்சைச் சக்கரம், உள்ளே காற்று, நீயோ இரும்புக்காகக் காத்திருக்கிறாய், வந்ததும் பிரிப்பாய். அந்த அம்மாளின் மேஜைமேல் தலையை வைத்து அழுதேன் ஆல்வின், உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தபால் ஆபீஸ் மூடியிருந்தது, புதன்கிழமை திறக்கும்போது வாசலில் முதல் ஆளாக நின்றேன்.

தந்தி அடித்துவிட்டு வந்து கொட்டகையைத் திறந்தேன். இன்னும் இரண்டு சக்கரங்களில் காற்று இருக்கிறது, அவற்றில் ஒரு நட்டுகூடச் சிவக்கவில்லை. இன்று காலையும் அப்படியே, பச்சை. உன் அம்மா இம்முறை சிரிக்கவில்லை. "அவ்ளோ தூரம் போக முடியுமாங்க எட்கரால?" என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? சிவப்பு டப்பாவை எடுத்து இங்குள்ள நட்டுகளுக்கு நானே பூசிவிட்டேன்.

பெட்டியை வெட்டவெளியில் வைத்துத் திற. சக்கரத்துக்கு நேராகக் குனியாதே, பக்கத்தில் நின்று ஊசியைக் கழற்று, கம்பியை விட்டுக் குத்து, டயர் காலுக்கடியில் முழுக்கத் தொய்ந்த பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும். ரோவினா தள்ளி நிற்கட்டும். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க அம்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். பிரித்து முடித்ததும் எனக்குத் தந்தி அடி, ஒரு வார்த்தை போதும். நட்டுகள் சிவப்பாக இருந்தால், அவ்வளவு தூரம் வந்தவருக்கு வாய்விட்டு ஒரு நன்றி சொல். பச்சையாக இருந்தால் அது உன் அப்பா அடித்தது, நம்பாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
வில்ஃப்ரெட்